தையல் போடும் முன் மரப்பு மருந்து: மதுரை வட்டார அறுவைக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர் பகுதிகளில் அறுவைக் கூடம் நடத்தும் அரசு, தனியார் மருத்துவமனைகளின் பொறுப்பாளர்கள், அறுவை மருத்துவர்கள், மகப்பேறு மருத்துவர்கள், வார்டு செவிலியர்கள்.

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

வயிற்றையோ நெஞ்சையோ திறந்து அறுவை செய்யப்பட்ட எந்த நோயாளியும், காயத்துக்கு மரப்பு மருந்து போடப்படாமல் தியேட்டரை விட்டு வார்டுக்கு வரக் கூடாது. இந்த ஒன்றைக் கேட்டுத்தான் மயக்கவியல் மருத்துவர்களாகிய நாங்கள் எழுதுகிறோம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பூபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்து எல்லாத் தியேட்டரிலும் இருக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இருந்தும் பல இடங்களில் அதன் வேலை முதுகில் போடும் ஊசியோடு முடிந்துவிடுகிறது.

முதுகு ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அதன்பின் கேஸ் ஷீட்டில் இருப்பது ஒரு டைக்ளோஃபெனாக், ஒரு ட்ரமடால், பக்கத்தில் 'எஸ்.ஓ.எஸ்.' என்ற மூன்றெழுத்து. நோயாளி கேட்டால் கொடுப்பது என்று அதற்குப் பொருள். எங்கள் பக்கத்து மக்கள் கேட்பதில்லை. கேட்டாலும், "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கங்கம்மா" என்ற பதில் வருகிறது. ட்ரமடால் போட்டால் பலருக்கு வாந்தி வரும். புதிதாகத் தைத்த வயிற்றோடு ஒருவர் வாந்தி எடுப்பதைப் பார்த்த எவரும் அதை ஒரு சிறிய பக்க விளைவு என்று ஒதுக்க மாட்டார்கள். வலுவான வலி மருந்தான மார்ஃபினுக்கான சட்ட நடைமுறை, போதைப்பொருள் சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எளிதாகியிருக்கிறது. ஆனாலும் பதிவேடு, இருப்புக் கணக்கு என்று பயந்து பல நர்சிங் ஹோம்கள் அதை வாங்கி வைப்பதே இல்லை. பெரிய நகரங்களை விட நம் தாலுகா ஊர்களுக்குத்தான் மரப்பு மருந்து அதிகம் தேவை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு: தொப்புளுக்கு மேலே நீளவாக்கில் கீறிய காயம் ஒவ்வொரு மூச்சுக்கும் அசைகிறது. அதற்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுகிறார், இருமலை அடக்குகிறார். சளி நுரையீரலின் அடிப்பகுதியில் தங்குகிறது, காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன, ஆக்சிஜன் இறங்குகிறது, அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வருகிறது. பல வருடம் பீடி குடித்தவருக்கு இது நிமோனியாவில் போய் முடியும். நெஞ்சைத் திறந்தவர்களில் கணிசமானோருக்கு விலா நரம்பு வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடர்கிறது. முதல் சில நாட்களில் வலி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ஆகவே வலியை அளக்கும்போது, படுத்திருப்பவரிடம் "வலிக்குதா?" என்று கேட்டு நகர்ந்துவிடாதீர்கள். "ஒரு தடவை நல்லா இருமுங்க" என்று சொல்லி முகத்தைப் பாருங்கள். கை தானாகக் காயத்தின் மேல் போய், இருமல் தொண்டையிலேயே நின்றுவிட்டால் அவருக்கு வலி மருந்து போதவில்லை. பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேட்பதை விட இது நம் வார்டுகளில் நன்றாக வேலை செய்கிறது.

இனி அளவு. இந்த மடலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். பூபிவக்கெய்னின் உச்ச அளவு கிலோவுக்கு 2 மி.கி. 0.5 சதவீத மருந்தில் ஒரு மி.லி.யில் 5 மி.கி. இருக்கிறது, 0.25 சதவீதத்தில் 2.5 மி.கி. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 100 மி.கி., அதாவது 0.5 சதவீதத்தில் 20 மி.லி. அதே 20 மி.லி.யோடு 20 மி.லி. சலைன் சேர்த்தால் 0.25 சதவீதத்தில் 40 மி.லி. கிடைக்கும். காயத்துக்கும், நரம்புகள் ஓடும் இடத்தில் போட்டு ஒரு பகுதியை மரக்கச் செய்யும் பிளாக்குக்கும் இந்த நீர்த்த மருந்தே போதும். திசு அடுக்குகளுக்குள் பரவுவதற்குக் கொள்ளளவுதான் முக்கியம். நாற்பது கிலோ என்றால் 80 மி.கி., அதாவது 0.25 சதவீதத்தில் 32 மி.லி. நம் ஊரில் கர்ப்பப்பை அறுவைக்கு வரும் பெண்களில் பலர் இந்த எடைக்காரர்கள். ரோபிவக்கெய்ன் என்றால் கிலோவுக்கு 3 மி.கி.; வெறும் லிக்னோகெய்னுக்கும் 3 மி.கி., அட்ரினலின் கலந்திருந்தால் 7. வயதானவர், கல்லீரல் கெட்டவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இந்த உச்சத்தை எட்டவே கூடாது.

தவறு நடப்பது பெரும்பாலும் கணக்குத் தெரியாததால் அல்ல. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போடுவதால் நடக்கிறது. மயக்க மருத்துவர் இரண்டு பக்கமும் இருபது இருபது மி.லி. 0.25 சதவீதம் டேப் பிளாக் (வயிற்றுச் சுவர் நரம்புகளுக்கான பிளாக்) போட்டிருப்பார். தையலுக்கு முன் அறுவை மருத்துவர் 'லோக்கல்' கேட்டு வாங்கி 20 மி.லி. 0.5 சதவீதத்தைக் காயத்தில் போடுவார். இருவர் கணக்கும் தனித்தனியே சரி; ஐம்பது கிலோ உடம்புக்குள் போனது 200 மி.கி. லிக்னோகெய்னையும் பூபிவக்கெய்னையும் கலப்பவர்கள் இன்னொரு பிழை செய்கிறார்கள்: இரண்டுக்கும் தனித்தனி உச்சம் இருக்கிறதே என்று நினைக்கிறார்கள். இரண்டின் நச்சுத்தன்மையும் ஒன்றோடு ஒன்று சேரும். லிக்னோகெய்னில் பாதி அளவு போட்டுவிட்டால் பூபிவக்கெய்னிலும் பாதிதான் மிச்சம். எனவே தியேட்டர் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில், பஞ்சு எண்ணிக்கை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே, நோயாளியின் எடை, உச்ச மி.லி., போட்டது, மிச்சம் என்று நான்கு கட்டம் போட்டுவிடுங்கள். மருந்து ஊற்றிக் கொடுக்கும் சிஸ்டர் மிச்சத்தை உரக்கச் சொல்லட்டும்.

பாட்டிலையும் பார்க்க வேண்டும். முதுகு ஊசிக்கான 'ஹெவி' ஆம்ப்யூலில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும். காயத்துக்கு எடுக்க வேண்டியது சாதாரண 20 மி.லி. வயல் (மருந்துக் குப்பி). பல முறை குத்தி எடுக்கும் வயல்களின் லேபிளில் மீத்தைல் பாராபென் என்ற பதப்படுத்தும் பொருள் இருந்தால் அது எபிடியூரலுக்கும் (முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விடுவது) முதுகு ஊசிக்கும் ஆகாது. ரத்தப்போக்கை நிறுத்தும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்ப்யூலை பூபிவக்கெய்ன் என்று எண்ணி முதுகில் போட்டு, வலிப்பு வந்து உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. இரண்டையும் ஒரே டிரேயில் வைக்காதீர்கள்.

காயத்துக்குள் போடுவது எப்படி? ஐந்து மி.லி.யைத் தோலுக்கடியில் விட்டுவிட்டு "லோக்கல் கொடுத்தாச்சு" என்று எழுதுவதில் பயன் இல்லை. வலி அதிகம் கிளம்புவது தோலிலிருந்து அல்ல, வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்திலிருந்தும் அதன் மேலுள்ள உறுதியான ஜவ்விலிருந்தும். பதினைந்து செ.மீ. நடுக்கோட்டுக் காயத்துக்கு 30 மி.லி. வைத்துக்கொண்டால், இருபதை ஜவ்வைத் தைக்கும் முன், குடலைக் கையால் விலக்கிப் பிடித்து, பெரிட்டோனியத்துக்கும் ஜவ்வுக்கும் இடையில் இரு ஓரத்திலும் நீளவாக்கில் போடுங்கள். மிச்சம் பத்து மி.லி. தோலுக்கடியில். ஒவ்வொரு குத்துக்கும் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, ஊசியை வெளியே இழுத்தபடியே மருந்தை விடுங்கள். இப்படிப் போட்டால் ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கும். லேப்ராஸ்கோப்பிக்கு இன்னும் எளிது: பத்து மி.மீ. துளைக்கு நான்கைந்து மி.லி., ஐந்து மி.மீ. துளைக்கு இரண்டு மூன்று, கீறுவதற்கு முன்பே. லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு வரும் தோள்பட்டை வலி உதரவிதானத்தின் எரிச்சலால் வருவது. அதை எந்த வயிற்று பிளாக்கும் தொடாது. உள்ளே இருக்கும் வாயுவைக் கடைசியில் அழுத்தி முழுவதும் வெளியேற்றுவதுதான் அதற்கு மருந்து.

டேப் பிளாக் 2001இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வயிற்றுச் சுவரின் உட்சாய்ந்த தசைக்கும் குறுக்குத் தசைக்கும் நடுவே ஓடும் நரம்புகளை அது மரக்கச் செய்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தால் மருந்து இறங்கும்போது இரண்டு தசைகளும் விலகி நடுவில் கருப்பாக ஒரு நீள்வட்டம் திறக்கும். தசை மட்டும் உப்பிப் பூத்தால் ஊசி தவறான இடத்தில் இருக்கிறது, அரை செ.மீ. நகர்த்துங்கள். இடுப்பு ஓரத்தில் போடும் வழக்கமான டேப், தொப்புளுக்குக் கீழ் உள்ள காயங்களுக்குத்தான். பித்தப்பை, இரைப்பைக் காயத்துக்கு அதைப் போட்டுவிட்டு "பிளாக் வேலை செய்யவில்லை" என்று சொல்வது பிளாக்கின் குற்றமல்ல. அங்கே விலாவின் கீழ் ஓரமாகப் போடும் டேப் வேண்டும். நடுக்கோட்டுக் காயமானால், வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் ரெக்டஸ் தசையின் உறைக்குள், தசைக்கும் அதன் பின்புற உறைக்கும் இடையில், பக்கத்துக்கு 10 முதல் 15 மி.லி.

ஸ்கேன் கருவி இல்லையே என்பார்கள். ஸ்கேன் கருவி வைப்பதென்றால் 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பதால், பிளாக்குக்காக மட்டும் வாங்கச் சிறிய மருத்துவமனைகள் தயங்குவது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் வயிறு திறந்திருக்கும்போது ரெக்டஸ் உறை அறுவை மருத்துவரின் கண்ணுக்கு முன்னால்தானே இருக்கிறது? உறையைக் கொக்கியால் தூக்கிப் பிடித்து நேராகவே மருந்தை விடலாம். இதற்கு எந்தப் பதிவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்த பிளாக்குகள் வயிற்றுச் சுவரைத்தான் மரக்கச் செய்யும். உள்ளுறுப்பின் மந்தமான, பிசையும் வலி அப்படியே இருக்கும். பாராசிட்டமால் கூடவே வேண்டும்.

நெஞ்சுக்கு வருவோம். மதுரைக்காரர்களுக்கு இது தை மாதத்தில் வாசலுக்கே வந்துவிடும் விஷயம்: பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். மாடு முட்டி விலா முறிந்தவருக்கும், நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து விலா முறிந்தவருக்கும் பிரச்சினை ஒன்றுதான். எலும்பு தானாகக் கூடிவிடும். அதுவரை அவர் இருமி, நிமிர்ந்து மூச்சு விட்டாக வேண்டும். முதுகெலும்பின் குறுக்கு முளையைத் தொட்டு, முதுகுத் தசைக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே பிளாக் 2016இல் வந்தது. நுரையீரலிலிருந்து விலகியே ஊசி நிற்பதால் பயம் குறைவு. பக்கவாட்டு விலா முறிவுக்கு ஐந்தாம் மார்பு முள்ளெலும்பு அளவில் 20 மி.லி. போதும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம்பிக்கையாக வேலை செய்வது, முதுகெலும்புக்குப் பக்கத்திலேயே போடும் பாராவெர்டிப்ரல் பிளாக். ஒரு பக்கம் மட்டும் மரக்கும், ரத்த அழுத்தம் எபிடியூரலில் போல் விழாது. நெஞ்சைத் திறந்திருக்கும்போது அறுவை மருத்துவரே பிளூராவுக்கு (நுரையீரல் உறை) பின்னால் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் பார்த்து வைத்துவிடலாம். அதில் ஐம்பது கிலோக்காரருக்கு 0.25 சதவீதத்தில் மணிக்கு 5 மி.லி. ஓடவிட்டால் மணிக்கு 12.5 மி.கி. போகும். கிலோவுக்கு மணிக்கு 0.4 மி.கி. என்ற வரம்புக்குள் இது நிற்கிறது.

கதீட்டர் இல்லாவிட்டாலும், நெஞ்சை மூடும் முன் கீறிய இடைவெளியிலும் அதற்கு மேலே இரண்டு, கீழே இரண்டு இடைவெளிகளிலும் தலா 4 மி.லி. 0.25 சதவீதம். மொத்தம் 20 மி.லி., 50 மி.கி. டிரெயின் குழாய் எந்த இடைவெளி வழியாக வருகிறதோ அதைச் சேர்க்க மறக்கிறார்கள். பிறகு தையலை விடக் குழாய்தான் வலிக்கிறது. விலா இடைவெளியில் ரத்த ஓட்டம் மிக அதிகம் என்பதால் உடம்பின் வேறெந்த பிளாக்கை விடவும் இங்கே மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறும். அளவை நீட்டக் கூடாத இடம் இது. நெஞ்சறுவைக்குப் பின் அந்தப் பக்கத் தோளில் வரும் வலி, உதரவிதானத்துக்குப் போகும் ஃபிரெனிக் நரம்பு வழியாக வருவது. எபிடியூரல் நன்றாக இருக்கும்போதே நோயாளி தோளைப் பிடித்துக்கொண்டு அழுதால், எபிடியூரலைக் கூட்டாமல் பாராசிட்டமால் கொடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலிநிவாரணியும் சேருங்கள்.

மார்பு அளவில் போடும் எபிடியூரல் இன்றும் பெரிய அறுவைகளுக்குச் சிறந்த வலி நிவாரணம். அது உயிர் காக்கும் என்று முன்பு சொன்னார்கள். 2002இல் வெளியான மாஸ்டர் என்ற ஒப்பீட்டு ஆய்வில் இறப்பு குறையவில்லை, மூச்சுச் செயலிழப்பு குறைந்தது. எங்களுக்கு அதுவே போதிய காரணம். ஆனால் இரவில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத மருத்துவமனையில் இதை வைக்காதீர்கள் என்று திட்டமாகச் சொல்கிறோம். அங்கே காயக் கதீட்டரோ பிளாக்கோ போதும். எபிடியூரல் வைத்தால், மணிக்கு 4 முதல் 8 மி.லி. ஓடும் அந்தக் குழாயில் ஐந்து விரல்கடைக்கு ஒரு மஞ்சள் லேபிள் ஒட்டுங்கள். கையில் போகும் ட்ரிப்பில் பூபிவக்கெய்ன் மாட்டப்பட்டால் இதயம் நின்றுவிடும். ரத்த அழுத்தம் விழுந்தால் எபிடியூரலைக் குறை சொல்லுமுன் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் ஊசி தடுப்பு அளவில் போட்டிருந்தால், கதீட்டர் வைக்கவும் எடுக்கவும் 12 மணி நேர இடைவெளி வேண்டும். எடுத்த பிறகு அடுத்த ஊசிக்குக் குறைந்தது 4 மணி நேரம். வைக்கும்போது மட்டும் கவனித்து, எடுக்கும்போது மறப்பதால்தான் முதுகுத் தண்டைச் சுற்றி ரத்தம் கட்டுகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை "காலை மடக்குங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். மடக்க முடியாவிட்டால் மருந்தை நிறுத்துங்கள். நான்கு மணி நேரத்தில் பலம் திரும்பாவிட்டால் உடனே எம்.ஆர்.ஐ. கட்டிய ரத்தத்தை 8 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் கால் திரும்பும் வாய்ப்பு அதிகம். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவும் செய்வதற்கு முன், மரப்பு மருந்தின் நச்சுக்கு மாற்றான இருபது சதவீத லிப்பிட் எமல்ஷன் (ரத்தக்குழாயில் ஏற்றும் கொழுப்புக் கலவை) உங்கள் தியேட்டரில் இருக்க வேண்டும். மரப்பு மருந்து ரத்தத்தில் அதிகமாகிவிட்டால் வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், காரணமில்லாத பதற்றம் என்று தொடங்கி, வலிப்பு, தாறுமாறான இதயத் துடிப்பு, நின்றுபோதல் என்று போகும். முழு மயக்கத்தில் இருப்பவரிடம் முதல் அறிகுறிகள் எதுவும் தெரியாது, மானிட்டர்தான் சொல்லும். டேப் போன்ற பிளாக்கில் ரத்த அளவு உச்சத்துக்குப் போக அரை மணி நேரம் ஆகலாம். அப்போது நோயாளி ட்ராலியில், லிஃப்டில், மானிட்டர் இல்லாமல் இருப்பார். பிளாக் போட்டு அரை மணி நேரமாவது கண்காணிக்காமல் அனுப்பாதீர்கள்.

அப்படி ஆனால்: ஆக்சிஜன், வலிப்புக்கு மிடாசோலம், உடனே லிப்பிட் கிலோவுக்கு 1.5 மி.லி. ஐம்பது கிலோவுக்கு 75 மி.லி.யைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து இரண்டு நிமிடத்தில் கொடுங்கள். பிறகு நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.25 மி.லி. ஓடட்டும். சரியாகாவிட்டால் ஐந்து நிமிட இடைவெளியில் அதே 75 மி.லி.யை இன்னும் இரண்டு முறை கொடுக்கலாம். மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.க்கு மேல் வேண்டாம். அட்ரினலினை வழக்கமான 1 மி.கி. அளவில் கொட்டாதீர்கள், கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம். துடிப்பைச் சரிசெய்ய லிக்னோகெய்ன் கூடவே கூடாது. வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று மயக்க மருந்தான புரோப்போஃபாலைக் கொடுப்பவர்களும் உண்டு. அதிலுள்ள கொழுப்பு போதாது, அழுத்தத்தை மேலும் தள்ளிவிடும். நெஞ்சை அழுத்துவதை ஒரு மணி நேரம் தாண்டியும் நிறுத்தாதீர்கள், இவர்கள் திரும்பி வர வாய்ப்பு உண்டு. இந்த வைத்தியம் 1998இல் ஆய்வகத்தில் தொடங்கி, 2006இல் மனிதரிடம் முதன்முதலாகப் பதிவானது. இன்னும் நம் வட்டாரத்தில் எல்லாத் தியேட்டர் அலமாரியிலும் அது இல்லை. பொதுவாக 25 டிகிரிக்கு மேல் அதை வைக்கக் கூடாது. மே மாத மதுரையில் ஏ.சி. இல்லாத ஸ்டோரில் கிடக்கும் பாட்டிலை நம்ப முடியாது, ஏ.சி. அறையில், சுவரில் ஒட்டிய அளவு அட்டைக்குக் கீழே, குறைந்தது 500 மி.லி. இருக்கட்டும். அரசு மருத்துவமனைப் பொறுப்பாளர்கள் இதைத் தாலுகா மருத்துவமனை இண்டெண்டில் சேர்க்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

வார்டு சிஸ்டர்களுக்கு. பகல் பதினொரு மணிக்குப் போட்ட பிளாக் இரவு ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் இறங்கும். அந்த நேரத்தில் பல வார்டுகளில் ஒரே ஒரு சிஸ்டர் இருப்பார். வலி வந்த பிறகு டாக்டருக்கு போன் போட்டு, ஸ்டோர் சாவி தேடி, ஊசி போடும்போது நோயாளி ஒரு மணி நேரம் துடித்திருப்பார். அதனால் எஸ்.ஓ.எஸ். என்பதை அடித்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராசிட்டமால் 1 கிராம், ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவருக்குக் கிலோவுக்கு 15 மி.கி., கேட்டாலும் கேட்காவிட்டாலும் என்று எழுதச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு டோஸ் போய்விட்டால் பிளாக் இறங்குவது நோயாளிக்கு அவ்வளவாகத் தெரியாது. தியேட்டரிலிருந்து வரும் தாளில் எந்த பிளாக், எத்தனை மணிக்கு, எத்தனை மி.கி., எப்போது இறங்கும் என்ற நான்கும் இல்லையென்றால் நோயாளியை ஒப்புக்கொள்ளும் முன் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

உறவினர்களிடமும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். மரத்திருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். வலி குறைந்திருக்கிறது என்று தனியாக எழுந்து பாத்ரூம் போகவிடக் கூடாது. எபிடியூரல் இருந்தால் கால் தளரலாம், சிறுநீர் அடைக்கவும் செய்யலாம். வலி தெரியாத நேரத்தில்தான் உட்காரவைக்க வேண்டும், ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்ல வேண்டும், மறுநாளே நடக்கவைக்க வேண்டும். மருந்தைப் போட்டுவிட்டு ஆளைப் படுக்கவே வைத்திருந்தால் போட்டதன் பாதிப் பலன் வீண்.

தியேட்டர் குழுவுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மதியம் போதும். அழைத்தால் வருகிறோம், கட்டணம் வேண்டாம். வருவதற்கு முன், உங்களிடம் இருக்கும் லிப்பிட் பாட்டிலின் காலாவதித் தேதியை மட்டும் பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
மதுரை வட்டாரத்து மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்